கணவாயிடம் வாங்கிய கடன்

120, 36, 0.3. கணக்கின் முதல் வரி இதுதான். ஒரு சதுர சென்டிமீட்டர் நரம்புச் சவ்வு, உச்சத்தில், சோடியத்துக்கு 120 மில்லிசீமன்ஸ் வழிவிடும், பொட்டாசியத்துக்கு 36, மற்றவை கசிந்துபோக 0.3. கேம்பிரிட்ஜில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1952இல் அச்சிட்ட எண்கள் இவை. அளக்கக் கிடைத்த உயிர் ஊசிக்கணவாய். பட்டினப்பாக்கத்திலும் நொச்சிக்குப்பத்திலும் ஐஸில் கிடக்கும் கணவாய்க்குத் தூரத்து உறவு. அதன் உடம்பில் ஓடும் ஒரு நரம்பிழை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். உள்ளே மெல்லிய கம்பியைச் செருகி மின்னழுத்தம் அளக்கலாம். நம் நரம்பிழைகள் மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைத் தாண்டுவதே அரிது. கம்பியை எங்கே செருகுவது?

அந்த எண்களைத் தாங்கிய சமன்பாட்டில் மாறிகள் 4. சவ்வின் மின்னழுத்தம் ஒன்று. சோடியம் கதவு திறக்கும் அளவு m, அதே கதவு அடைபடும் கணக்குக்கு h, பொட்டாசியம் கதவுக்கு n. சோடியம் மின்னோட்டத்தில் m மூன்று தடவை பெருக்கப்படும், h ஒரு தடவை. பொட்டாசியத்தில் n நான்கு தடவை. தீர்த்துப் பார்க்க கேம்பிரிட்ஜின் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. ஆறு மாத மராமத்தில் இருந்தது. ஹக்ஸ்லி, பிரன்ஸ்விகா என்ற கையால் சுற்றும் கணக்கு மெஷினை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். இழை நெடுக ஓடும் ஒரே ஒரு மின்துடிப்பைக் கணக்கிட மூன்று வாரம் பிடித்தது. வந்த விடை: வினாடிக்கு 18.8 மீட்டர். இழையில் நேரடியாக அளந்தது 21.2. பற்றாக்குறை 2.4 மீட்டர்; சதவீதத்தில் 11. மூன்று வாரக் கூலிக்கு இது மலிவுதான். 1963இல் நோபல் பரிசு வந்தது.

அதன்பின் இந்தச் சமன்பாடு நரம்பைவிட்டு வெளியேறி இதயத்துக்குப் போனது, கணையத்துக்குப் போனது, சென்னைத் தரமணியில் கருப்பைக்கும் போனது. ஒவ்வொரு இடத்திலும் வரவு என்ன, செலவு என்ன என்று ஒரு முறை பதிந்து பார்க்கலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சமன்பாட்டின் வடிவம் இலவசமாக இடம் மாறும், உள்ளே போடும் எண்கள் மாறாது. அவற்றைப் புது இடத்தில், புதிதாக, காசு செலவழித்து அளந்தே ஆகவேண்டும்.

வெப்பநிலையை மட்டும் மாற்றிப் பாருங்கள். மூலச் சமன்பாட்டின் வேக எண்கள் 6.3 டிகிரி செல்சியஸுக்கு. பத்து டிகிரி ஏறினால் கதவுகளின் வேகம் மூன்று மடங்கு என்று ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் வைத்திருந்தார்கள். மனித உடம்பு 37 டிகிரி. வித்தியாசம் 30.7, மூன்றின் 3.07ஆம் அடுக்கு; அதாவது 29 மடங்கு. உறுப்பை மாற்றவில்லை, அயனியை மாற்றவில்லை. குளிர்ந்த கடல்நீரிலிருந்து காய்ச்சலற்ற மனித உடற்சூட்டுக்கு வந்ததற்கே ஒவ்வொரு வேக எண்ணையும் 29ஆல் பெருக்கவேண்டும்.

சிக்கனம்

நான்கு மாறி அதிகம் என்று நினைத்தவர் ரிச்சர்ட் ஃபிட்ஸ்ஹ்யூ. 1961இல் அவற்றை இரண்டாகக் குறைத்தார். வேகமாக ஏறியிறங்கும் ஒன்று, மெதுவாகப் பின்னால் வந்து அடக்கும் ஒன்று. அடுத்த ஆண்டே ஜப்பானின் ஜின்-இச்சி நகுமோவும் கூட்டாளிகளும் டனல் டயோடு வைத்து அதை மின்சுற்றாகவே கட்டிவிட்டார்கள். வழக்கமாகப் போடும் எண்கள் 0.7, 0.8, 0.08. இவற்றுக்கு அலகு கிடையாது. சோடியம் எங்கே, பொட்டாசியம் எங்கே என்று கேட்டால் பதில் இல்லை. வடிவம் மட்டும் மிச்சம்: சும்மா இருக்கும், தட்டினால் ஒருமுறை துள்ளும், பிறகு கொஞ்ச நேரம் எதற்கும் அசையாது.

இந்தச் சிக்கனம் எவ்வளவு மிச்சம் பிடிக்கிறது? 2004இல் யூஜின் இஷிகேவிச் ஒரு விலைப்பட்டியல் போட்டார். ஒரு நரம்பணுவை ஒரு மில்லிசெகண்டு ஓட்டக் கம்ப்யூட்டர் செய்யவேண்டிய கூட்டல் பெருக்கல்கள் அதில் உண்டு. அதிலிருந்து சில வரிகள்:

ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி: 1,200
மாரிஸ்–லெக்கார்: 600
ஃபிட்ஸ்ஹ்யூ–நகுமோ: 72
இஷிகேவிச்சின் சொந்தச் சரக்கு: 13

நரம்பணு ஒன்றுக்கு இது பெரிய விஷயமில்லை. திசுவுக்குப் பெரிய விஷயம். 512க்கு 512 கட்டம் போட்ட ஒரு திசுத்தாள் என்றால் 2,62,144 செல்கள். ஒரே ஒரு வினாடி ஓட்ட, 1,200 வீதம் 31,457 கோடிச் செயல்கள். 72 வீதம் 1,887 கோடி. பதினாறு, பதினேழு மடங்கு வித்தியாசம். செல்லும் செல்லும் பேசிக்கொள்ளும் செலவு தனி. அதை நான் சேர்க்கவில்லை.

பிரன்ஸ்விகாவில் ஒரு செயலுக்குப் பத்து வினாடி என்று வைத்தால், தூங்காமல் சுற்றினாலும் முதல் கணக்கு முடியச் சுமார் ஒரு லட்சம் ஆண்டு ஆகும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில், ஊரார் வாயில் மேட்சயின்ஸ், 2004இல் 144 கணினிகளைக் கோத்துக் ‘கப்ரு’ என்ற தொகுப்பைக் கட்டினார்கள். அதன் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடிச் செயல்கள். ஏட்டளவில் அதே கணக்கு மூன்றில் ஒரு வினாடி. கப்ரு குவார்க்குகளின் இயற்பியலுக்காகக் கட்டப்பட்டது. நான் வேகத்தை ஒப்பிட மட்டுமே இங்கே இழுத்தேன். கணக்குப் போடும் செலவு, 1952க்கும் இன்றைக்கும் இடையில், பேச்சுக்கே இல்லாமல் போய்விட்டது என்பதுதான் பதிவு. செலவு இப்போது வேறு தலைப்பில் உட்கார்ந்திருக்கிறது.

லஸ் பக்கம் ஒரு பழைய பதிவு

கணிதத்தை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு ஓட்டிப்போவது தென்சென்னைக்குப் பழைய தொழில். மயிலாப்பூர் லஸ் பகுதியில் ‘ஏகாம்ர நிவாஸ்’ என்ற வீடு. அரசியல் சட்ட வரைவுக் குழுவின் ஏழு பேரில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் இல்லம். அவர் மகன் அல்லாடி ராமகிருஷ்ணன், அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் இருந்துவிட்டுத் திரும்பி, அந்த வீட்டிலேயே மாணவர்களை வைத்துக் கோட்பாட்டு இயற்பியல் கூட்டங்கள் நடத்தினார். 1960இல் நீல்ஸ் போர் வந்து பார்த்துவிட்டுப் போனார். 1962 ஜனவரி 3 அன்று கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. இன்று திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், இந்திரா நகர், திருவான்மியூர் தாண்டித் தரமணி. அந்த வீட்டுப் பக்கத்திலிருந்து இன்றைய நிறுவனம் ஏழு நிறுத்தம்.

ராமகிருஷ்ணனின் சொந்த முதலீடு அதற்கு முன்னாலேயே, 1950இல். காஸ்மிக் கதிர் ஒன்று காற்றில் மோதித் துகள் மழையாகப் பெருகும்போது, எந்த ஆற்றலில் எத்தனை துகள் என்று எண்ண அவர் ‘புராடக்ட் டென்சிட்டி’ என்ற கருவியை உருவாக்கினார். அதன் உயிர் ஒரு வரிதான். நிகழ்வுகள் ஒன்றையொன்று சட்டைசெய்யாவிட்டால், எண்ணிக்கையின் ஏற்ற இறக்கம் (சராசரியிலிருந்து விலகலின் வர்க்கச் சராசரி) அந்தச் சராசரிக்கே சமம். இரண்டின் விகிதம் 1. ஒன்று மற்றதைத் தடுத்தால் விகிதம் 1க்குக் கீழே. ஒன்று மற்றதை இழுத்துவந்தால் 1க்கு மேலே.

அவரிடம் பயின்று ஐ.ஐ.டி. மெட்ராஸில் கணிதப் பேராசிரியராக இருந்த எஸ்.கே. சீனிவாசன், ஜி. சம்பத்துடன் சேர்ந்து 1977இல் ஸ்பிரிங்கர் வழியாக ஒரு நூல் வெளியிட்டார். பொருள், ஒற்றை நரம்பணுவின் துடிப்பு வரிசை. காஸ்மிக் கதிரை எண்ணிய முறையே நரம்பை எண்ண வந்துவிட்டது. ஒரு சிறு கணக்கு: நரம்பணு வினாடிக்கு 100 தடவை துடிக்கிறது, ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் 2 மில்லிசெகண்டு கட்டாய ஓய்வு. 100ஐ 0.002ஆல் பெருக்க 0.2, ஒன்றிலிருந்து கழிக்க 0.8, வர்க்கம் 0.64. விகிதம் 1க்குக் கீழே. ஓய்வு ஒழுங்கைக் கொண்டுவருகிறது.

அதே தராசை ஒரு பாக்டீரியாவின் புரதத்துக்குப் பிடித்தால் முள் மறுபக்கம் சாயும். 2001இல் முகுந்த் தத்தாயும் அலெக்சாண்டர் வான் ஔடனார்டனும் காட்டியபடி, ஒரு தூது ஆர்.என்.ஏ. அழிவதற்குள் சராசரி b புரதங்களைக் கொட்டிவிட்டுப் போனால் விகிதம் ஏறத்தாழ 1 கூட்டல் b. ஐந்தைந்தாகக் கொட்டினால் 6. நரம்புக்கு 0.64, மரபணுவுக்கு 6, தராசு ஒன்றே. இந்தக் கணக்கில் கடன் தொல்லை குறைவு. எண்ணிக்கை எடுத்தால் போதும், கம்பி செருகவேண்டாம்.

கூட்டல் சரி, தலைப்பு தப்பு

இனி தொல்லையான பதிவுகள். டெனிஸ் நோபிள், லண்டனில் ஆராய்ச்சி மாணவர். ஹாட்ஜ்கின்–ஹக்ஸ்லி சமன்பாட்டை இதயத்தின் பர்கிஞ்சி இழைக்குக் கொண்டுபோனார். பல்கலைக்கழகத்தின் மெர்குரி கம்ப்யூட்டரில் அவருக்குக் கிடைத்த நேரம் நள்ளிரவு தாண்டி 2 மணியிலிருந்து 4 மணிவரை. நரம்பின் துடிப்பு ஒரு மில்லிசெகண்டு அளவு. இதயத்தின் துடிப்பு சுமார் 300. ஆகவே பொட்டாசியம் கதவைச் சோம்பேறி ஆக்கினார். மூலத்தில் 0.01 இருந்த இடத்தில் 0.0001 போட்டார், 0.125 இருந்த இடத்தில் 0.002. ஒன்று நூறில் ஒரு பங்கு, மற்றது அறுபத்திரண்டில் ஒரு பங்கு. துடிப்பு நீண்டது, மேடு கட்டியது, தானாகவே திரும்பத் திரும்ப அடித்தது. 1962இல் விரிவான கட்டுரை வந்தது. வரைபடத்தில் இதயமே தெரிந்தது.

ஆனால் அந்தச் சமன்பாட்டில் கால்சியம் இல்லை. இதயத்தின் மேட்டைத் தாங்கிப்பிடிப்பதில் பெரும்பங்கு கால்சியம் மின்னோட்டத்துக்கு என்று 1967இல் ஹரால்ட் ராய்ட்டரின் அளவீடுகளிலிருந்துதான் தெரியவந்தது. நோபிளின் கணக்கில் கால்சியத்தின் வேலையைச் சோடியம் பார்த்துக்கொண்டிருந்தது. கூட்டுத்தொகை சரியாக வந்ததால் தப்பு வெளியே தெரியவில்லை. தணிக்கைக்காரர்கள் அடிக்கடி பார்க்கும் வகை இது: கூட்டல் சரி, தலைப்பு தப்பு.

கணையத்திலும் அதே கதை, இருபது ஆண்டு கழித்து. 1983இல் தெரசா சேயும் ஜோயல் கெய்சரும் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லுக்கு நரம்புச் சமன்பாட்டைப் பொருத்தினார்கள். பீட்டா செல் கொத்துக்கொத்தாகத் துடிக்கும். ஒரு கொத்து, ஒரு இடைவெளி, மறுபடி கொத்து. கொத்தை முடித்துவைப்பது கால்சியத்தால் திறக்கும் பொட்டாசியம் கதவு என்று அவர்கள் வைத்தார்கள். வரைகோடு அழகாக வந்தது. மறு ஆண்டே, 1984இல், பீட்டா செல்லில் வேறொரு பொட்டாசியம் கதவு ஆய்வகத்தில் பிடிபட்டது. செல்லின் எரிபொருளான ஏ.டி.பி. ஏறினால் அடைபடும் கதவு. சர்க்கரைக்கும் மின்சாரத்துக்கும் இடையில் முக்கியமான பாலம் அதுதான். அடுத்து வந்த மாடல்கள் எல்லாம் அந்தத் தலைப்பைத் திறந்து எண்களை மாற்றி எழுதவேண்டியிருந்தது.

இதில் எனக்கு ருசியான விஷயம் ஒன்று. சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகள் 1950களிலிருந்தே புழக்கத்தில் உண்டு. அவை அடைப்பது இந்தக் கதவைத்தான். மயிலாப்பூர் மருந்துக் கடையில் ‘சுகர் மாத்திரை’ என்று கேட்டு வாங்கும் கிளிமிபிரைடும் அந்த வகைதான். சமன்பாட்டில் அந்த உறுப்பு ஏறுவதற்கு முப்பது ஆண்டு முன்பே நோயாளிகள் அதன் எண்ணை மாத்திரையால் குறைத்துக்கொண்டிருந்தார்கள்.

சென்னைக்கு இந்தத் தலைப்பு ஏட்டுக்கணக்கு அல்ல. கோபாலபுரத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் சேர்ந்து நாடு முழுக்க 1,13,043 பேரைச் சோதித்தது. 2023இல் வந்த முடிவு: நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, வயது வந்தோரில் 11.4 சதவீதம். தமிழ்நாட்டில் 14.4. எலியின் கணையத் தீவு (பீட்டா செல்கள் குவிந்த திட்டு) மின்துடிப்பைத் தொடங்க லிட்டருக்குச் சுமார் 7 மில்லிமோல் குளுக்கோஸ் வேண்டும். லேப் சீட்டுக் கணக்கில், 18ஆல் பெருக்கினால், 126. மனிதத் தீவு அதற்கு வெகு கீழேயே விழித்துக்கொள்ளும். எலிக்கு எழுதிய எண்ணை வைத்துக் கோபாலபுரத்து நோயாளிக்குக் கணக்குப் போட்டால், ஆரோக்கியமான கணையம்கூட வெறும் வயிற்றில் தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் விடை வரும்.

ஆம், இல்லை

நரம்பியலின் கணிதத்தில் மின்சாரமே இல்லாத ஒரு கிளை உண்டு. 1943இல் வாரன் மெக்கல்லாக்கும் வால்ட்டர் பிட்ஸும் நரம்பணுவை ஒரு வாக்குப்பெட்டியாகக் குறைத்தார்கள். பின்னாளில் வழக்கமான வடிவில் அதன் விதி: வரும் ‘ஆம்’களைக் கூட்டு, ‘இல்லை’களைக் கழி, எல்லையைத் தாண்டினால் ஆம். மரபணுவும் ஆம்–இல்லை ஆசாமிதான் என்பதால் இந்த விதி அங்கே எளிதாகக் குடியேறியது. 2004இல் பீஜிங் குழு ஒன்று ஈஸ்ட் செல்லின் பிரிவுச் சுழற்சியை 11 கணுக்களாக்கி இதே கூட்டல் கழித்தல் விதியைப் போட்டது. சாத்தியமான நிலைகள் இரண்டின் 11ஆம் அடுக்கு, 2,048. எங்கிருந்து தொடங்கினாலும் எங்கே போய் நிற்கும்? 1,764 நிலைகள் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன: செல் பிரிந்து முடித்து அடுத்த உத்தரவுக்குக் காத்திருக்கும் நிலை. நூற்றுக்கு 86.

இந்த வெற்றியைப் பார்த்து மரபணுக்கள் எல்லாம் நரம்பணு மாதிரியே வாக்கெடுக்கின்றன என்று சொல்லிவிடலாமா? எண்ணிப் பார்க்கலாம். இரண்டு உள்ளீடு இருந்தால் மொத்த விதிகள் 16. அவற்றில் நரம்பணுப் பாணியில் எழுதக்கூடியவை 14. மூன்று உள்ளீட்டுக்கு 256இல் 104. நான்குக்கு 65,536இல் 1,882. ஐந்துக்கு 429 கோடிக்கும் மேலானவற்றில் 94,572. அதாவது இரண்டில் 87 சதவீதத்துக்கும் மேல் இருந்தது, ஐந்தில் 45,000க்கு ஒன்றாகக் கரைந்துவிட்டது. விதிகளைக் கண்மூடிப் பொறுக்கியிருந்தால் நரம்புப் பாணி மரபணுவுக்கு அகப்பட்டிருக்கவே கூடாது.

தரமணியில் அரீஜித் சமல், அஜய் சுப்பராயன், பிரான்ஸின் ஒலிவியே மார்ட்டின் மூவரும் செய்தது நேர்மையான பட்டியல் வேலை. உலகெங்கும் வெளியான மரபணு மாடல்களிலிருந்து 2,687 விதிகளைத் திரட்டினார்கள். 2022இல் முடிவு வந்தது. உள்ளீடுகளின் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு வரி வைத்து, ஒவ்வொரு விதியிலும் ‘ஆம்’ என்று முடியும் வரிகளை எண்ணினால், பெரும்பாலானவற்றில் ஒற்றைப்படை எண் வருகிறது. சும்மா பொறுக்கினால் பாதிதான் ஒற்றைப்படை வரவேண்டும். காரணம், உயிருள்ளவை பெரும்பாலும் ஒவ்வொரு உள்ளீட்டையும் ஒரே ஒரு முறை மட்டும் குறிப்பிட்டு எழுதி முடிக்கக்கூடிய விதிகளையே வைத்திருக்கின்றன. அப்படி எழுதியது எதுவானாலும் ஒற்றைப்படையில்தான் முடியும். ‘A இருந்து, B இல்லாவிட்டால்’ என்ற விதிக்கு நாலு வரியில் ஒன்றுதான் ஆம். நரம்பிலிருந்து விதியை அப்படியே இறக்குமதி செய்யாமல், மரபணு என்ன வைத்திருக்கிறது என்று முதலில் எண்ணிய பட்டியல் இது. அதனாலேயே எனக்கு ஈஸ்ட் கணக்கைவிட இது உசத்தி.

கருப்பை

தரமணிக் கணக்கில் மிகப் பெரிய பதிவு இதுதான். இதயத்துக்குச் சொந்தப் பேஸ்மேக்கர் உண்டு. கருப்பையில் அப்படி ஓர் இடத்தை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒன்பது மாதம் ஏறக்குறையச் சும்மா இருந்த தசை, பிரசவ வலி எடுக்கும்போது ஒட்டுமொத்தமாக, தாளம் தப்பாமல் சுருங்குகிறது. தாளம் போடுவது யார்?

மேட்சயின்ஸின் சிதாப்ர சின்ஹாவும் ராஜீவ் சிங்கும் பிரான்ஸின் லியோன் நகரத்து ஆய்வாளர்கள் ஜின்ஷான் ஷூ, நிக்கோலா கார்னியே, ஆலன் ப்யூமிர் ஆகியோருடன் 2012இல் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் சொன்ன பதில்: யாருமே இல்லை, கூட்டணிதான். கருப்பைச் சுவரில் தட்டினால் துள்ளும் தசைச் செல்கள் உண்டு. தட்டினாலும் துள்ளாத மந்தமான செல்களும் உண்டு. இரண்டுமே தனியாக விட்டால் தாளம் போடாது. பிரசவம் நெருங்க நெருங்கச் செல்களுக்கு இடையிலான கேப் ஜங்ஷன் என்ற சிறு துவாரங்கள் பெருகுகின்றன. இணைப்பு ஓர் அளவைத் தாண்டியதும் அங்கங்கே சின்னக் கூட்டங்கள் அடிக்கத் தொடங்கும். இன்னும் ஏறினால் கூட்டங்கள் ஒரே வேகத்துக்கு வரும். கடைசியில் திசு முழுவதும் ஒரே தாளம். இதைக் காட்ட அவர்கள் எடுத்தது மேலே விலைப்பட்டியலில் 72 என்று வந்த ஃபிட்ஸ்ஹ்யூ–நகுமோ வகை மாடல்.

கையாலேயே ஒரு சிறு பதிப்பைப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் நான் வைத்தவை, ஆய்வாளர்களுடையவை அல்ல. 0.7, 0.8, 0.08 என்ற வழக்கமான மாறிலிகளோடு ஒரு துள்ளும் செல். தனியாக அது −1.2 என்ற அழுத்தத்தில் சும்மா இருக்கும். பக்கத்து மந்தச் செல்லின் அழுத்தத்தை 1 என்று ஆணியடித்து வைக்கிறேன். ஒரு இணைப்பின் வலு 0.1. சும்மா இருக்கும் நிலை குலைய வேண்டுமானால், மொத்த இணைப்பு வலு G ஆனால், அழுத்தத்தின் வர்க்கம் 0.936 − Gக்குக் கீழே இறங்கவேண்டும். ஒரு அண்டைச் செல், G 0.1: குலையவில்லை. இரண்டு, 0.2: இன்னும் சும்மாதான். எல்லை 0.27இல் வருகிறது. மூன்றாவது செல் ஒட்டிக்கொண்டால் 0.3; செல் தானாக அடிக்கத் தொடங்கிவிடுகிறது. மூன்று மந்தங்கள் சேர்ந்து ஒருவரை நிம்மதியாக உட்கார விடாமல் செய்துவிட்டன. இரண்டு செல் வரை சத்தமே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நிசப்தத்தை வைத்து வலி எப்போது என்று ஜோசியம் சொல்லமுடியாது.

2015இல் அதே கூட்டு, மேட்சயின்ஸின் சக்தி மேனனும் சேர, கருப்பைத் தசைக்கென்றே எழுதப்பட்ட கனமான மாடலை எடுத்துக் கணக்கை மறுபடி போட்டது. 2011இல் வந்த அந்த மாடலில் அயனி மின்னோட்டங்கள் மட்டும் 14. கணவாயில் 3 இருந்தன. முடிவு நின்றது: பொருத்தமான இணைப்பில் தாளம் தானே பிறக்கிறது. மலிவான மாடலில் கண்டதை விலையுயர்ந்த மாடலில் சரிபார்ப்பது நல்ல கணக்குவழக்கு. நோபிளின் கால்சியம் போல ஒன்று இங்கே எந்தத் தலைப்பிலாவது ஒளிந்திருந்தால், அதைப் பிடிக்க மூன்றாவது மாடல் உதவாது, திசு வேண்டும்.

தேவை எவ்வளவு பெரிது என்பதற்கு இரண்டு எண்கள். 2020இல் உலகில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் சுமார் 1.34 கோடி. இந்தியாவில் மட்டும் 30.2 லட்சம், அந்த உலகத் தொகையில் நூற்றுக்கு 22க்கும் மேல். இணைப்பு சீக்கிரமே எல்லையைத் தாண்டிவிடுகிறதா, எதனால், எந்த வாரத்தில் என்பதற்கு மாடலுக்கு வேண்டிய எண் செல்லுக்கும் செல்லுக்கும் இடையிலான வலு, வாரவாரியாக. அந்த வகை அளவுகளில் பெரும்பகுதி எலிகளிடமிருந்து வருகிறது. எலியின் கர்ப்பம் மூன்று வாரம்.

மனிதத் திசு கிடைப்பது சிசேரியனின்போது. கீறலின் விளிம்பிலிருந்து, தாயின் சம்மதத்தோடு, ஒரு சிறு துண்டு. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், 2019–21இல், தமிழ்நாட்டுப் பிரசவங்களில் சிசேரியன் 44.9 சதவீதம், நாட்டின் சராசரி 21.5. இவ்வளவு வேண்டுமா என்பது வேறு வழக்கு. நான் வேண்டாம் என்ற கட்சி. ஆனாலும் நடப்பது நடக்கிறது, அதில் எல்லாம் நிறைமாதம் அல்ல. 30ஆம் வாரம், 34ஆம் வாரம் என்று வேறு காரணங்களுக்காக முன்னதாகவே அறுவை செய்யும் தாய்மார்களும் இருக்கிறார்கள். வலி எடுத்தபின் செய்யும் சிசேரியன், எடுக்கும் முன் செய்யும் சிசேரியன் இரண்டையும் பிரித்துவைத்தாலே இணைப்பு எண்ணில் இரண்டு புள்ளி கிடைக்கும். திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையிலிருந்தோ எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலிருந்தோ தரமணி தொலைதூரம் இல்லை. திசு உயிரோடு இருக்கும் நேரத்துக்குள் வந்துவிடும்.

இந்தப் பதிவுக்கு ஆகும் செலவில் கம்ப்யூட்டர் நேரம் கடைசி வரி. மின்முனை இழுக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியன், குளிர்ந்த உப்புக் கரைசலில் திசுவை எடுத்துவர ஒரு பெட்டி, நெறிமுறைக் குழுவின் அனுமதி, மாதக்கணக்கில் பொறுமை. சம்மதப் படிவம் தமிழில் இருக்கவேண்டும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீட்டுவதாக இல்லாமல், தாய் ஏழாம் மாதச் செக்கப்புக்கு வரும்போதே, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நேரம் இருக்கும்போதே கொடுக்கவேண்டும்.